நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழ்

பாராசூட்டில் குதித்த ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி படித்தால், பாராசூட் விரியவில்லை போலிருக்கிறது என்றுதான் நம் மனம் உடனே முடிவு கட்டும். அரை நூற்றாண்டுக்கு முன் அந்த ஊகம் பல நேரம் பலித்திருக்கும். இன்று அப்படியில்லை. ஸ்கைடைவிங் மிக அதிகமாக நடக்கும் அமெரிக்காவில், உயிரிழப்புக் கணக்கில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்து நிற்பது வேறொரு காரணம்: பழுதே இல்லாமல் முழுதாக விரிந்த பாராசூட்டின் கீழ், தரையைத் தொடும் கடைசிச் சில நொடிகளில் நேரும் மரணம். இப்படி இறந்தவர்களில் பலர் புதியவர்களும் அல்லர். நூற்றுக்கணக்கில், சிலர் ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள். சிறிய, வேகமான பாராசூட்டை யார் எப்போது வாங்கிப் பறக்கலாம் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவைத்திருப்பதற்கு இதில் பெரும் பங்கு உண்டு. அதை இனி விதியாக எழுதிவைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் இந்த விளையாட்டு வியக்கத்தக்க அளவு பத்திரமாகியிருக்கிறது. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 1970-களில் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023-இல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். இதைச் சாதித்தது பெரும்பாலும் கருவிகள்தான். 1960-களில் டொமினா ஜால்பர்ட் உருவாக்கிய, காற்றை உள்வாங்கிச் சிறகுபோல் விறைத்துப் பறக்கும் பாராசூட், பழைய வட்டக் குடையை மெல்ல ஓரங்கட்டியது. பில் பூத் கண்டுபிடித்த மூன்று வளைய அமைப்பு, சிக்கிக்கொண்ட பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிட வழிசெய்தது. 1991-இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் கருவி, குதித்தவர் மயங்கியே போனாலும் தரையிலிருந்து சுமார் 225 மீட்டரில் ரிசர்வ் பாராசூட்டைத் தானே திறந்துவிட்டது. ஆனால் இதே பில் பூத் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவைத்தார்: கருவி எவ்வளவு பத்திரமாகிறதோ அவ்வளவுக்குக் குதிப்பவர்கள் புதிய ஆபத்தைத் தேடிப் போவார்கள், சாவு விகிதம் மாறாமலே இருக்கும் என்று. விகிதத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது நடக்கவில்லை; அது இறங்கத்தான் செய்தது. ஆனால் ஆபத்து இடம் மாறும் என்பதில் அவர் கணிப்பு தவறவே இல்லை. வானத்தில் இருந்த ஆபத்து தரைக்கு அருகே வந்துவிட்டது.

ஏன் என்று புரிய ஒரு சிறிய கணக்கு போதும். உடல், உடை, கருவி எல்லாம் சேர்த்து 90 கிலோ உள்ள ஒருவர் ஏறக்குறைய 200 பவுண்டு. அவர் 200 சதுர அடிப் பாராசூட்டில் தொங்கினால் ஒவ்வொரு சதுர அடித் துணியும் 1 பவுண்டு சுமக்கிறது. குதிப்பவர்கள் இதை விங் லோடிங் என்பார்கள். பயிற்சி மாணவருக்குக் கொடுப்பது 1 அல்லது அதற்கும் கீழே. அதே ஆள் 80 சதுர அடிக்கு மாறினால் சுமை 2.5 ஆகிவிடும், பாராசூட்டின் குணமே வேறாகிவிடும். நேராகப் பறந்தாலே வேகம் கூடும். ஒரு பக்கத்து முன்பட்டையை இழுத்து 270 பாகையோ 450 பாகையோ சுழலவிட்டால், பாராசூட் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு தரையை நோக்கிப் பாயும். சேர்த்த வேகத்தையெல்லாம் தரைக்குச் சற்று மேலே கிடைமட்டமாக மாற்றி, புல்லையோ நீரையோ பாதம் உரசியபடி நெடுந்தூரம் வழுக்கிச் செல்வதற்குப் பெயர்தான் ஸ்வூப். பார்க்க அத்தனை அழகு. ஆனால் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்பது 3 மீட்டர். துணி சிறியதாகச் சிறியதாக, பாய்ச்சலிலிருந்து நிமிர அதற்குத் தேவைப்படும் உயரமும் கூடிக்கொண்டே போகும். ஒன்றைச் சொன்னால் இந்த வேகத்தின் கனம் விளங்கும்: சாதாரண சைப்ரஸ் கருவி, தரைக்கு அருகே நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழும் ஒருவரைப் பாராசூட்டே திறக்காதவர் என்று முடிவு செய்யும். ஸ்வூப் செய்பவர்கள் விரிந்த பாராசூட்டோடே அந்த வேகத்தை எட்டக்கூடும் என்பதால், அவர்களுக்கென்றே அதிக வேகத்தில் மட்டும் இயங்கும் தனி மாடலைத் தயாரிக்க வேண்டியதாயிற்று. உயிர் காக்கும் கருவி, பறப்பவரையும் வீழ்பவரையும் வேறுபடுத்திப் பார்க்கத் திணறியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்தக் கலையைப் போட்டியாக வளர்த்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமல்ல. கேனபி பைலட்டிங் என்ற பெயரில் சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு முதல் உலக சாம்பியன்ஷிப்பை 2006-இல் வியன்னாவில் நடத்தியது. 2009-இல் தைவானின் காவ்சியுங்கில் நடந்த உலக விளையாட்டுகளிலும் அது இடம்பெற்றது. தூரம், வேகம், குறித்த இடத்தில் துல்லியமாக இறங்குதல் என்று மூன்று பிரிவுகள். 10 மீட்டர் அகலமுள்ள நுழைவாயிலைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் கடந்தாக வேண்டும். வேகப் பிரிவின் வளைந்த 70 மீட்டர் பாதையைச் சிறந்தவர்கள் இரண்டு நொடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் முடிக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் மோதுகிறார்கள். எடை போதாதென்று ஈயக்கட்டிகளை இடுப்பில் கட்டிக்கொள்வதும் உண்டு. இத்தனைக்கும் நடுவே, போட்டித் திடலில் வழக்கமாக ஆழமில்லாத ஒரு நீள்குளம் இருக்கும். சிறு பிழையைப் பல நேரம் தண்ணீர் மன்னித்துவிடும். மருத்துவ உதவி அருகிலேயே நிற்கும். வேறு யாரும் அந்த வான்பாதையில் குறுக்கிட மாட்டார்கள். பங்கேற்பவர்களில் பலரும் சில ஆயிரம் முறை குதித்து, படிப்படியாகத் துணியைக் குறைத்து வந்தவர்கள். துபாயில் 2014-இல் எர்னஸ்டோ கெய்ன்சா என்ற ஸ்கைடைவர் வெறும் 35 சதுர அடிப் பாராசூட்டில், ஏறக்குறைய ஓர் இரட்டைக் கட்டில் மெத்தையின் பரப்பில், இறங்கிக் காட்டினார். அதற்குப் பின்னால் இருந்தது ஆயிரக்கணக்கான குதிப்புகளின் படிப்பு.

இப்படிப்பட்ட சாகசத்தைக் காணொளியில் மட்டும் பார்த்துவிட்டு, 200 குதிப்போடு சின்னத் துணி தேடுகிற இளைஞரைப் பற்றித்தான் என் கவலை. அமெரிக்கச் சட்டம் அவரிடம் என்ன கேட்கிறது? ரிசர்வ் பாராசூட் அரசு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற தொழில்வல்லுநர் அதை மடித்திருக்க வேண்டும். 180 நாளுக்கு ஒருமுறை அதைத் திறந்து சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான குதிப்புகளில் ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம் என்ற பாராசூட்டுக்கு இவ்வளவு கண்காணிப்பு. ஒவ்வொரு முறையும் விரிகிற முதன்மைப் பாராசூட்டுக்கோ அங்கீகாரமும் தேவையில்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. பாராசூட் சங்கம் குதிப்பு எண்ணிக்கையையும் எடையையும் வைத்துப் பரிந்துரை அட்டவணை வெளியிடுகிறது. இரண்டாம் நிலை உரிமத்துக்குப் பாராசூட் கையாளும் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் பரிந்துரையை மீறுகிறவரைத் தடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் குதிப்பு மைதானத்தின் பொறுப்பாளர் கையில் இருக்கிறது. ஒரு மைதானம் மறுத்தால் அடுத்த மைதானத்துக்குக் கார் ஓட்டிப் போகலாம்.

பணமும் இதில் தவறான பக்கமே தள்ளுகிறது. முதுகில் மாட்டும் பையை ஒரு குறிப்பிட்ட அளவுத் துணிக்கென்றே தைக்கிறார்கள். பெரிதாக வாங்கினால் பிறகு சிறிய பாராசூட்டுக்கு அது தொளதொளக்கும், இரண்டாவது பை வாங்க வேண்டிவரும். குழந்தைக்குச் சட்டையை வளர்த்தியாக எடுப்போமே, இங்கே அதையே தலைகீழாகச் செய்கிறார்கள்: நாளைய திறமைக்கு இன்றே சின்னதாக வாங்கி, அதற்குள் பொருந்தும் துணியை வேண்டிய காலத்துக்கு முன்பே பறக்கவிடுகிறார்கள். மேலே போனவர்கள் கழித்துவிட்ட வேகமான துணிகள் மலிவாகக் கிடைப்பதும் இதற்குத் தோதாகிறது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சிக்கனமாக இருக்கப் பார்க்கிற சாதாரண மனிதர் ஒருவர், பத்து மாதத்தில் இரண்டு அளவு குறைத்திருப்பார்.

நெதர்லாந்திலும் பிரான்ஸிலும் இந்த முடிவைத் தனிமனிதரிடம் விடவில்லை. எத்தனை முறை குதித்தவர் எவ்வளவு சிறிய பாராசூட்டுக்குப் போகலாம் என்பதைத் தேசியக் கூட்டமைப்பின் அட்டவணை கட்டாயமாக வரையறுக்கிறது. பயிற்சியாளர் பிரையன் ஜெர்மெய்ன் பரப்பிய எளிய வாய்பாடும் இதே வழிதான்: முதல் 100 குதிப்பு வரை விங் லோடிங் 1-ஐத் தாண்டாதே, அதன்பின் ஒவ்வொரு 100-க்கும் 0.1 கூட்டிக்கொள். இதை ஐரோப்பியர்களின் மோட்டார் சைக்கிள் உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே இளைஞர் முதலில் 11 கிலோவாட், பிறகு 35 கிலோவாட், அதன் பிறகே எல்லையில்லாத வண்டி. உரிமம் கிடைத்த மறுநாளே கல்லூரி மாணவர் எவ்வளவு பெரிய பைக்கிலும் ஏறிவிடக்கூடிய நம் ஊரில் அந்தப் படிநிலையின் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

வயதுவந்தவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார், உங்களுக்கென்ன என்பது முதல் எதிர்ப்பு. இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். விமானத்திலிருந்து தாமே குதிக்கிறவர்களிடம் ஆபத்தை ஏற்கும் உரிமையை மறுப்பதில் ஒரு முரண் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்கள் அந்த வாதத்தைப் பலவீனமாக்குகின்றன. ஒன்று, வானம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. சுழன்று பாய்கிறவர் தன் கீழேயும் பின்னாலும் வருகிற மெதுவான பாராசூட்டைப் பார்க்க முடியாத கணங்கள் உண்டு. விரிந்த பாராசூட்டுகள் மோதி உயிர்கள் போன பிறகுதான், 2000-களின் கடைசியில், வேகத் தரையிறக்கத்தையும் சாதாரணத் தரையிறக்கத்தையும் இடத்தாலோ நேரத்தாலோ பிரித்துவைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களைக் கேட்டுக்கொண்டது. அந்த விதிக்கு எதிராக இன்று யாரும் சுதந்திரத்தைப் பேசுவதில்லை. இரண்டு, தெரிந்து ஏற்கிற ஆபத்துக்குத்தான் உரிமை பொருந்தும். 200 முறை குதித்தவர் 2.0 விங் லோடிங்கின் பாய்ச்சலை அதற்கு முன் அனுபவித்ததே இல்லை. நிமிர எவ்வளவு உயரம் வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியாது. தெரியாததை அவர் எப்படி ஒப்புக்கொண்டதாகச் சொல்வது?

எண்ணிக்கை திறமையாகாது என்கிறார்கள். உண்மை. வாரம் இருபது முறை குதித்து, பயிற்சியாளரின் காணொளி விமர்சனத்தோடு 300-ஐத் தொட்டவரும், பத்தாண்டில் விட்டுவிட்டு 300 சேர்த்தவரும் ஒன்றல்ல. அதனால் அட்டவணையை உடைக்க முடியாத சுவராக்காமல், தகுதியுள்ள பயிற்றுநர் சோதித்து எழுத்தில் அனுமதித்தால் ஒரு படி முன்னே போகலாம் என்று வைக்கலாம். நீண்ட இடைவெளிக்குப் பின் வருகிறவரை ஒரு படி கீழேயும் இறக்கலாம். கரடுமுரடான அளவுகோல் என்பதற்காக அளவுகோலே வேண்டாம் என்றால், மிஞ்சுவது தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் மதிப்பெண் மட்டும்.

எனக்கு மிகக் கடினமாகப் படும் எதிர்ப்பு வேறு. தாழ்வான திருப்பத்தில் இறந்தவர்கள் எல்லோரும் ஸ்வூப் செய்ய முயன்றவர்கள் அல்லர். வேலி, மின்கம்பி, குறுக்கே வந்த இன்னொருவர் என்று எதையோ தவிர்க்கப் பதற்றத்தில் ஒரு பக்கத்துக் கைப்பிடியை முழுதாக இழுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள், பெரிய பாராசூட்டிலும் இது நடக்கிறது, அளவுச் சட்டம் இவர்களை எப்படிக் காக்கும் என்று கேட்கிறார்கள். முழுதாகக் காக்காது. இதற்கு மருந்து, பாதி பிரேக்கில் உயரம் இழக்காமல் தட்டையாகத் திரும்பும் பயிற்சி. காற்றின் திசை தவறாக இருந்தாலும் நேராக இறங்கிவிடும் துணிவு. அந்தப் பயிற்சியையும் அளவு குறைக்கும் ஒவ்வொரு படியிலும் கட்டாயமாக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அதே பதற்றப் பிழைக்குப் பாராசூட் கொடுக்கும் தண்டனை ஒன்றல்ல. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 1.0-இல் கணுக்கால் முறிந்து பிழைக்க வாய்ப்புள்ள தவறு, 1.8-இல் இடுப்பெலும்பையோ உயிரையோ கேட்கலாம்.

இந்த விதி போட்டி விளையாட்டை முடக்கும் என்ற அச்சத்திலும் எனக்கு உடன்பாடில்லை. பெரிய துணியில் ஒழுங்காகக் கற்காதவர் சின்னத் துணியில் வெல்வதில்லை என்பதைப் போட்டியாளர்களே ஓயாமல் சொல்கிறார்கள். உலகத் தரத்தில் பறந்தவர்கள் ஃபிளைட்-1 போன்ற பள்ளிகளைத் தொடங்கி, இளையவர்களுக்குப் படிப்படியாகக் கற்றுத் தருவதும் அதனால்தான். அவர்கள் அறிவை விதிக்குள் கொண்டுவருவதற்குப் புதிய அலுவலகமோ புதிய வரியோ வேண்டியதில்லை. பாராசூட்டில் தைத்திருக்கும் அடையாளச் சீட்டில் அதன் சதுர அடி இருக்கிறது. குதித்தவரின் பதிவேட்டில் எத்தனை முறை, கடைசியாக எப்போது என்பது இருக்கிறது. புதிய மைதானத்துக்கு வருகிறவரிடம் ரிசர்வ் மடித்த தேதியையும் உரிமத்தையும் எப்படியும் கேட்கிறார்கள். அதே மேசையில், அதே ஆள், இந்த இரண்டு எண்களையும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். எண் பொருந்தாவிட்டால் அன்றைக்கு வாடகைக்கு ஒரு பெரிய பாராசூட்டை எடுத்துக் கொடுக்க இன்னும் பத்து நிமிடம்.