ஈடித் கீலர் ஏன் சாக வேண்டும்?

'ஸ்டார் ட்ரெக்' முதல் தொடரின் ஆகச்சிறந்த அத்தியாயம் எது என்ற கேள்விக்கு ரசிகர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு: 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. 1967 ஏப்ரல் 6 அன்று ஒளிபரப்பாகி, மறு ஆண்டு ஹியூகோ விருதும் பெற்றது. அண்மையில் நாங்கள் அதை மீண்டும் பார்த்தோம். முதல்முறை பார்த்தபோது கண் கலங்கியது உண்மை. இம்முறை எஞ்சியது கோபம்.

கதை எளியது. தவறுதலாக மருந்து ஏறிச் சித்தம் கலங்கிய மருத்துவர் மெக்காய் காலத்தின் வாயிலினூடே இறந்தகாலத்துக்குள் பாய்கிறார். அக்கணமே வரலாறு மாறி விண்கலம் மறைந்துபோகிறது. அதைச் சரிசெய்ய, கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் 1930ஆம் ஆண்டின் நியூயார்க்கில் இறங்குகிறார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தோருக்குக் கஞ்சி வார்க்கும் விடுதி ஒன்றை நடத்துகிறாள் ஈடித் கீலர். கிர்க் அவளைக் காதலிக்கிறான். ஸ்பாக்கின் கருவியோ வேறொன்றைச் சொல்கிறது: இவள் உயிர்பிழைத்தால் அமைதி இயக்கம் ஒன்றை வளர்ப்பாள், அமெரிக்கா போரில் இறங்கத் தாமதிக்கும், ஹிட்லர் அணுகுண்டு செய்து வெல்வான். ஆகவே தெருவைக் கடக்கும் அவளை லாரி மோத வேண்டும். காப்பாற்ற ஓடும் மெக்காயைக் கிர்க் பிடித்து நிறுத்த வேண்டும்.

இதைத் துன்பியல் என்கிறார்கள். மறுக்கிறோம். துன்பியலில் எல்லா வழிகளும் உள்ளிருந்தே அடைபடும். இங்கே கதாசிரியன் வெளியிலிருந்து கதவுகளைப் பூட்டுகிறான். விண்வெளிப் பயணத்தை முன்கூட்டியே கனவு காணும் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாமே என்று எவரும் நினைப்பதில்லை. அவளையும் எதிர்காலத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டால் 1930இல் அவள் இல்லாமற்போவாள், வரலாறும் பிழைக்கும் என்ற எளிய வழிகூட எவர் வாயிலும் வருவதில்லை. ஒன்று அவள் பிணம், அல்லது நாஜிகளின் வெற்றி. இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் இல்லாத உலகம் இயற்கையாக அமைவதில்லை. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு வழக்கைப் பிறகு சோடித்தால்தான் அமையும்.

வரலாறாவது இதற்குத் துணை நிற்கிறதா? அமெரிக்காவைப் போரிலிருந்து விலக்கி வைத்தவை ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர்களின் கருணை அல்ல. 1935 முதல் இயற்றப்பட்ட நடுநிலைச் சட்டங்களும், 'அமெரிக்காவே முதலில்' என்று முழங்கிய லிண்ட்பெர்க் வகையறாவின் ஒதுங்கல் அரசியலும்தாம். இறுதியில் போரைக் கொண்டுவந்தது பேர்ல் ஹார்பரில் விழுந்த குண்டு. 1941 டிசம்பர் 11 அன்று அமெரிக்காமீது போர் அறிவித்ததும் ஜெர்மனியே. மனச்சாட்சியின் பெயரால் மறுத்தவர்களின் பலம் எவ்வளவு? டிசம்பர் 8 அன்று பிரதிநிதிகள் சபையில் ஜப்பான்மீதான போருக்கு ஆதரவாக 388 வாக்குகள். எதிராக ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை வாக்கு மொன்டானாவின் ஜெனெட் ராங்கினுடையது. அவர் உயிரோடுதான் இருந்தார். போர் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அணுகுண்டைப் பற்றியும் சொல்லிவிடுவோம். 1942க்குப் பின் ஜெர்மனியின் முயற்சி பெருந்திட்டமாக வளரவேயில்லை. 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு போட்ட தரப்பு எதுவென்று உலகறியும். அதைப்பற்றி அத்தியாயத்தில் ஒரு சொல் இல்லை.

ஒளிபரப்பான காலத்தையும் பாருங்கள். வியட்நாமில் குண்டுமழை பொழிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. இரண்டு நாள் முன்னர், ஏப்ரல் 4 அன்று, அதே நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் அந்தப் போரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசியிருந்தார். பெரும் நாளிதழ்கள் அவரைக் கடிந்துகொண்டன. அத்தியாயம் முன்பே படமாக்கப்பட்டது; அவருக்கான மறுமொழி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அமைதி சரியான வழிதான், அவள் அதைத் தவறான நேரத்தில் சொன்னாள் என்ற பொருளில் ஸ்பாக் பேசும்போது, அந்த வாரத்து அமெரிக்கப் பார்வையாளனின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? போர் நடக்கையில் அமைதி பேசுபவனிடம் அதிகாரம் எப்போதும் சொல்வது இதைத்தான். சரியான நேரம் என்ற ஒன்று வருவதே இல்லை. கிங் பேசிய நாளிலிருந்து சரியாக ஓராண்டில் மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வெறும் கதைதானே என்பார்கள். கதை என்பதால்தான் பேசுகிறோம். ஹார்லன் எலிசன் எழுதிய மூலப்பிரதியில் முடிவான கணத்தில் கிர்க் செயலற்றுப் போகிறான், தடுப்பவன் ஸ்பாக். பிரபஞ்சத்தின் கணக்கை ஏற்க முடியாத ஒரு மனிதன் அங்கே இருந்தான். பலர் கைவைத்துத் திருத்திய பிறகு, காதலியைச் சாகவிடும் உறுதியே தலைமைப் பண்பாகிவிட்டது. எலிசனின் சீற்றம் கடைசிவரை அடங்கவில்லை. 1996இல் மூலப்பிரதியைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

ஜோன் காலின்ஸின் நடிப்பையோ அந்தக் காதலின் மென்மையையோ நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் குற்றச்சாட்டே அந்த மென்மையில்தான் இருக்கிறது. வெறுக்கத்தக்க வாதத்தை முரட்டுத்தனமாகச் சொன்னால் நாம் எதிர்ப்போம். அழகாகச் சொன்னதால் அழுதோம். அழுதபடியே ஒரு கொலைக்குச் சம்மதமும் கொடுத்துவிட்டோம். அந்தச் சம்மதத்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.