தூரத்தில் இருப்போரின் பெயர்கள்



ஞாயிறு ஆராதனையில், தூரதேசங்களில் பணிபுரிவோரையும் எல்லையைக் காக்கும் வீரர்களையும் கர்த்தர் காக்கவேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் வேண்டிவிட்டு, அடுத்த விண்ணப்பத்துக்குக் கடந்துபோகும் வழக்கம் சபைகள் பலவற்றில் உண்டு. அந்த ஒரு வாக்கியம் போதாது என்பதே இவ்வாரம் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1941 நவம்பரில், வேரா லின் என்னும் பாடகி பி.பி.சி. வானொலியில் கடல்கடந்த வீரர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். அவர் பாடியதோடு நிற்கவில்லை. மருத்துவமனைகளுக்குச் சென்று, பிள்ளை பெற்ற தாய்மாரைக் கண்டு, அவர்கள் நலமாயிருக்கும் செய்தியை எங்கோ பாலைவனத்தில் கிடந்த கணவன்மாருக்கு வானொலி வழியே அறிவித்தார். இத்தகைய உருக்கம் வீரர்களின் நெஞ்சுரத்தைக் குலைத்துவிடும் என்று குறைகூறியவர்களும் இருந்தார்கள். ஆனால் வீரர்களோ அவரைக் கொண்டாடினார்கள். 1944-இல் அவர் பர்மா போர்முனைக்கே நேரில் வந்து பாடினார். இந்தியர்களே பெரும்பான்மையாக இருந்த அங்குள்ள பதினான்காம் படைக்கு ‘மறக்கப்பட்ட படை’ என்றே பெயர் வழங்கியது.

அதே ஆண்டில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை கண்டிக்கு இடம்மாறியது. அப்படையினருக்கென ‘ரேடியோ சீயாக்’ என்னும் வானொலி கொழும்பிலிருந்து ஒலித்தது. 1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. நம் பெற்றோர் மாலைதோறும் காத்திருந்து பாட்டுக் கேட்ட இலங்கை வானொலியின் வலிமைக்கு அடித்தளம், போர்வீரரின் தனிமையைத் தணிக்க நிறுவப்பட்ட அந்த ஒலிபரப்பிகளே. பிற்பாடு நமது விவித் பாரதியும் ‘ஜெயமாலா’ நிகழ்ச்சியில் படைவீரர் விரும்பிக் கேட்ட பாடல்களை ஒலிபரப்பிவந்தது.

இசை தன்னில்தானே நன்மையானது என்று நான் வாதிடவில்லை. அந்நாளில் டோக்கியோ வானொலியும் எதிர்ப்படை வீரருக்கு இனிய பாடல்களை ஒலிபரப்பியது. வீட்டு நினைவைக் கிளறி அவர்களைச் சோரச்செய்வதே அதன் நோக்கம். பாட்டின் இனிமை இரு பக்கத்திலும் ஒன்றே. அதை அனுப்பிய இருதயமே வேறு. அன்பில்லாத வார்த்தை எத்தனை இனிதாயினும் காயப்படுத்தும். அன்புள்ள ஒரு சிறு செய்தி மனிதனைத் தாங்கி நிறுத்தும்.

வேதத்திலும் ஒரு போர்முனை உண்டு. ஈசாயின் மூத்த குமாரர் மூவர், எலியாப், அபினதாப், சம்மா, சவுலின் படையிலிருந்தார்கள். வயதுசென்ற தகப்பன் என்ன செய்தார்? வறுத்த பயற்றையும் பத்து அப்பங்களையும் இளையவன் தாவீதின் கையில் கொடுத்து, அண்ணன்மார் நலமா என்று விசாரித்து அடையாளம் வாங்கிவரும்படி பாளயத்துக்கு அனுப்பினார். கோலியாத்தைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அந்த யுத்தகளத்துக்குத் தாவீதைக் கொண்டுசேர்த்தது ஒரு தகப்பனின் விசாரிப்பு என்பதை எத்தனைபேர் கவனித்திருக்கிறோம்?

கடையநல்லூர் இந்த ஏக்கத்தை அறிந்த ஊர். பிழைப்புக்காக இங்கிருந்து சிங்கப்பூர் சென்ற இஸ்லாமியக் குடும்பங்கள் பல. 1942 பிப்ரவரி 15 அன்று அந்நகரம் ஜப்பானியர் வசமானபின், அவர்களுக்கும் ஊருக்கும் இடையே வழக்கமான கடிதப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. இன்றோ கைப்பேசி இல்லாத வீடு இல்லை. வளைகுடா நாட்டுத் தொழிலாளர் விடுதியிலும், பனிமலையின் காவல் முகாமிலும் இருக்கும் நம் பிள்ளைகளை ஒரு நொடியில் அழைத்துவிடலாம். ஆயினும் அழைப்புகளில் பெரும்பகுதி பணம் வந்து சேர்ந்ததா என்பதிலேயே முடிந்துவிடுகிறது.

ஆகவே என் வேண்டுதல் இது. இனி ஜெபவேளையில் அவர்களைப் பெயர்சொல்லி நினைப்போம். வாரம் ஒருவரைச் சபையார் அழைத்து நலம் விசாரிப்போம். வாலிபர் குழு அவர்கள் விரும்பும் கீர்த்தனையைப் பாடிப் பதிவுசெய்து அனுப்பட்டும். அவர்களுக்குப் பிறந்த பிள்ளையின் ஞானஸ்நானத்தையும், வீட்டில் நோயுற்றவர் எழுந்து நடந்த செய்தியையும் மறவாமல் தெரிவிப்போம்.

தம்முடைய ஆடுகளைப் பேர்சொல்லி அழைக்கிற நல்ல மேய்ப்பரை நாம் பின்பற்றுகிறோம். அவருடைய மந்தையில் ‘மறக்கப்பட்டவர்’ என்று ஒருவரும் இருக்கலாகாது.

கர்த்தர் தாமே அருகில் இருப்போரையும் தூரத்தில் இருப்போரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.