முத்திரை இல்லாத ஸ்பேசர் விற்பனைக்கு வரக் கூடாது

காரின் சக்கரத்துக்கும் அது பூட்டப்படும் ஹப்புக்கும் நடுவே செருகப்படும் அலுமினிய வளையத்தை ஸ்பேசர் என்கிறார்கள். அதைப் போட்டால் சக்கரம் வெளிப்பக்கம் தள்ளி நிற்கும். டயர் மட்கார்டின் விளிம்போடு சமமாக வந்து, கார் அகன்று பதிந்தாற்போல் தெரியும். பெரும்பாலும் இந்தத் தோற்றத்துக்காகவே வாங்குகிறார்கள். அகலமான டயர் உள்ளே உரசாமலிருக்க வாங்குவோரும் உண்டு. எந்த உலோகத்தில் செய்தது, எவ்வளவு சுமை தாங்கும், எந்தக் காருக்கு உரியது என்று ஒரு வரிகூடப் பொறிக்கப்படாத ஸ்பேசர்கள் உதிரிபாகக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஓடும் காரையும் அதன் சக்கரத்தையும் பிணைக்கும் இடத்தில் போய் உட்காரும் ஒரு பொருள், சீட் கவரைப் போல விற்கப்படுவதை அரசு இனியும் அனுமதிக்கக் கூடாது.

ஹப்பிலிருந்து நீண்டு நிற்கும் மரையிட்ட ஸ்டட்டுகள்தான் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நட்டை முறையாக இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் நீளுகிறது. நீண்ட உலோகம் பழைய நிலைக்குத் திரும்ப முயன்று, சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்துகிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், ஒரு ஸ்டட் மட்டுமே ஏறத்தாழ நான்கு டன் விசையோடு அழுத்தும். இரு முகங்களுக்கிடையே பிறக்கும் உராய்வுதான் காரின் எடையையும் பிரேக்கின் விசையையும் தாங்குகிறது. அழுத்தம் குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் மயிரிழை அளவுக்கு நகரத் தொடங்கும். அந்த நகர்வு ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட்டை வளைத்து நிமிர்த்தும். இன்று நிகழும் சக்கரக் கழற்சி பலவற்றின் கதை இவ்வளவுதான்: முதலில் தளர்வு, பிறகு உலோகக் களைப்பு, கடைசியில் முறிவு.

ஆகவே சக்கரமும் ஹப்பும் சந்திக்கும் முகம் சுத்தமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும் என்று வாகனப் பொறியியல் வற்புறுத்துகிறது. ஸ்பேசர் செய்வது என்ன? ஒரு முகம் இருந்த இடத்தில் இரண்டு முகங்களை வைக்கிறது. துருவும் பெயிண்டும் மண்ணும் சிக்கிக்கொள்ள இரண்டு இடங்கள். அவை நசுங்கினால் இறுக்கம் போய்விடும்.

ஸ்பேசர்களில் இரண்டு வகை உண்டு. மெல்லிய தட்டைப் பழைய ஸ்டட்டுகளின் மேலேயே செருகிவிடுவது முதல் வகை. தட்டின் தடிப்பு எவ்வளவோ, அந்த அளவுக்கு நட்டு பிடிக்கும் மரை குறையும். மாருதி ஸ்விஃப்ட்டின் ஸ்டட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. 5 மி.மீ. தட்டு நான்கு சுற்று மரையைத் தின்றுவிடுகிறது. ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது நட்டுக்குள் மரை பிடிக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் பொது விதி. அதாவது ஒன்பது, பத்துச் சுற்று. நீளமான ஸ்டட் மாற்றாமல் தட்டை மட்டும் செருகினால், நட்டு முழுதாக இறுகியதுபோலவே தோன்றும், பிடிப்பு மட்டும் பாதியாக இருக்கும்.

இன்னொரு சிக்கல் ஹப்பின் நடுவட்டத்தில் இருக்கிறது. ஸ்விஃப்ட்டுக்கும் ஹோண்டா சிட்டியின் நான்கு நட்டு மாடல்களுக்கும் ஸ்டட் வட்டம் ஒன்றே, 100 மி.மீ. ஆனால் நடுத்துளை முன்னதற்கு 54.1 மி.மீ., பின்னதற்கு 56.1 மி.மீ. இரண்டுக்கும் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாக்கி, 'எல்லாக் காருக்கும் சேரும்' என்று விற்கிறார்கள். ஹப்பின் மேல் கச்சிதமாக அமராத அந்தத் தட்டு மையம் விலகி நிற்கும். வேகம் கூடும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வாக வெளிப்படும். அலைன்மெண்ட் பார்த்து, பேலன்ஸ் பார்த்து, டயரையும் மாற்றிய பிறகும் நடுக்கம் நிற்காத கார்கள் மெக்கானிக் பட்டறைகளுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்தச் சக்கரத்துக்கும் சேரும் என்று ஒரு ஸ்பேசரைச் சொன்னால், அது எந்தச் சக்கரத்துக்காகவும் அளந்து செய்யப்படவில்லை என்றே அர்த்தம்.

இரண்டாம் வகை, 20, 25, 30 மி.மீ. தடிப்புள்ளது. அதை ஹப்பில் தனி நட்டுகளால் முடுக்கி, ஸ்பேசரிலேயே பதித்த புதிய ஸ்டட்டுகளில் சக்கரத்தை மாட்டுவார்கள். முதல் வகையைவிட இது உறுதியானது என்று சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை இருக்கிறது, நன்றாகச் செய்யப்பட்டிருந்தால். ஆனால் உள்ளே இருக்கும் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. சக்கரத்தைக் கழற்றாமல் அவை தளர்ந்தனவா என்று யாராலும் பார்க்க முடியாது. பொருத்திய பின் 50 முதல் 100 கி.மீ. ஓட்டி மறுபடியும் இறுக்க வேண்டும் என்பது நல்ல தயாரிப்பாளர்களின் அறிவுரை. நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் அரிது. காற்றழுத்தத் துப்பாக்கியால் ஒரே முடுக்கில் முடித்துவிடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சிய இறுக்கம் ஸ்டட்டை நிரந்தரமாக நீட்டிவிடும். பிறகு அது அழுத்தும் வலுவை இழந்துவிடும்.

அலுமினியம் என்பதாலேயே ஸ்பேசர் உடைகிறது என்று சொல்வது சரியல்ல. அலாய் வீலும் அலுமினியம்தான், கோடிக்கணக்கில் ஓடுகிறது. 7075 என்ற கலவை, முறையாக வெப்பப் பதம் செய்யப்பட்டால், 500 மெகாபாஸ்கல் அளவு இழுவிசை வரை நிரந்தரமாக வளையாது. பரவலாகப் புழங்கும் 6061 அதே பதத்தில் 270-ஐ ஒட்டி நிற்கும். பழைய பாத்திரங்களையும் இன்ஜின் துண்டுகளையும் உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்போ உள்ளே காற்றுக் குமிழிகளோடு இருக்கலாம். அதன் வலு என்னவென்று செய்தவருக்கே தெரியாது. மூன்றும் கடை அலமாரியில் ஒரே வெள்ளை மினுமினுப்போடு நிற்கின்றன. வாங்குபவர் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வழியே இல்லை.

அலுமினியத்துக்கென்று சில குணங்கள் உண்டு. எஃகுக்கு ஒரு களைப்பு எல்லை இருக்கிறது. அதற்குக் கீழான சுமையை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் பொதுவாக முறியாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. சிறிய சுமையானாலும் போதுமான முறை திரும்பி வந்தால் ஒருநாள் விரிசல் விடும். 'ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்வோர் இதைக் கருத வேண்டும். சிறிய காரின் சக்கரம் கிலோமீட்டருக்கு ஐந்நூறு முறைக்கு மேல் சுற்றுகிறது. ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் இரண்டரைக் கோடிச் சுற்று. இவ்வளவு தாங்கியது என்பதால் இனியும் தாங்கும் என்று ஆகிவிடாது. இதுவரை செலவான ஆயுள் இது. மிச்சம் எவ்வளவு என்பதைத் தரம் தெரியாத உலோகத்தில் கணக்கிட முடியாது.

வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பேசர் பிரேக் டிஸ்க்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் எழுபதிலோ பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது டிஸ்க்கின் சூடு நேராக ஸ்பேசருக்குள் பாய்கிறது. அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். விரிந்து நசுங்கிய பிறகு குளிரும்போது முன்பிருந்த இறுக்கம் திரும்பாமல் போகலாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து, எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தை அரிக்கின்றன.

காரின் நடத்தையும் மாறுகிறது. பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில் பிரேக் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிரிவு பழுதானால் ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரமும் மட்டுமே பிடிக்கும். அந்த நேரத்திலும் கார் ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகச் சக்கரத்தின் நடுக்கோடு எங்கே தரையைத் தொட வேண்டும் என்று மில்லிமீட்டர் கணக்கில் வடிவமைக்கிறார்கள். 25 மி.மீ. வெளியே தள்ளினால் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. பேரிங்கின் மேல் நெம்பும் விசையும் கூடுகிறது.

போர்ஷே நிறுவனம் தன் சில கார்களில் தானே அலுமினிய ஸ்பேசர் பொருத்துகிறதே என்று ஆர்வலர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். அது அந்தக் காருக்கென்றே வடிவமைத்து, அதற்குரிய நீளமான போல்ட்டோடு சோதித்துப் பொருத்தியது. நாம் கேட்பதும் அந்தச் சோதனையைத்தான். ஜெர்மனியில் ஸ்பேசர் விற்கப்படுகிறது; ஆனால் சோதனைச் சான்று இருக்க வேண்டும், எந்த மாடலுக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதிகள் உற்பத்தியாளரே பொருத்தியதைத் தவிர மற்ற ஸ்பேசர்களை ஏற்பதில்லை. இரண்டில் எந்த வழியை எடுத்தாலும் இன்றைய நம் நிலையைவிட மேல்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182அ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முக்கியப் பாதுகாப்பு உறுப்பு என்று மத்திய அரசு அறிவித்த பொருளைத் தரமில்லாமல் விற்றால், ஒரு பொருளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ உண்டு.

ஆனால் நடைமுறையில் சாலையில் மறிக்கப்படும் இளைஞர் அபராதம் கட்டுகிறார். அவருக்கு விற்ற கடை மறுநாளும் திறந்திருக்கிறது. சொந்தக் கார்களுக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும் என்பதால், அதுவரை எந்த அதிகாரியும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதில்லை. வாங்குபவரைப் பிடித்து இந்தப் பிரச்சினை தீராது. விற்பனையின் வாசலில்தான் நிறுத்த வேண்டும்.

ஸ்பேசரை முக்கியப் பாதுகாப்பு உறுப்புகளின் பட்டியலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அலாய் வீலை லட்சக்கணக்கான முறை சுழற்றி வளைத்துச் சோதிக்கிறார்கள். உருளையின் மேல் ஓட்டிப் பார்க்கிறார்கள். எடையைப் போட்டு மோதிப் பார்க்கிறார்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஸ்பேசருக்கும் இதே சோதனை வேண்டும். புணேயில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. தேறியவற்றில் கலவை, தடிப்பு, நடுத்துளை, தாங்கும் சுமை, உரிய மாடல் ஆகியவை அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். எல்லாக் காருக்கும் சேரும் தட்டுகளை முற்றாகத் தடைசெய்ய வேண்டும். இணைய அங்காடிகளுக்கும் இதே பொறுப்பைச் சட்டம் சுமத்த வேண்டும்.

சிறு பட்டறைகளின் பிழைப்பு கெடும் என்ற எதிர்ப்பு வரும். அந்தக் கவலை நியாயமானதே. கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் உலகத் தரத்தில் கடைந்து தரும் லேத் பட்டறைகள் உள்ளன. சான்று பெறும் செலவைப் பல பட்டறைகள் கூட்டாகப் பகிர்ந்துகொள்ள மாநில அரசு உதவலாம். உதவி தேவை என்பதற்காகத் தரத்தைத் தளர்த்த முடியாது. ஏனென்றால் ஸ்பேசர் உடையும்போது அதைத் தேர்ந்தெடுத்தவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கழன்றோடும் சக்கரத்துக்கு, எட்டு மாடி உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் இருக்கும். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். எதிரே வரும் சக்கரத்துக்கு முன்னால் கவசமின்றி நிற்பவர்கள் இவர்கள்தான்.

விபத்துப் பதிவும் மாற வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் விபத்துக்குள்ளான காரைப் பார்க்கும்போது ஸ்பேசர் இருந்ததா, ஸ்டட் முறிந்ததா என்று எழுத வேண்டும். சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் என்ற சாலை விபத்துத் தரவுத் தளத்தில் இதற்கு ஒரு கட்டம் வேண்டும். 'ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து' என்ற ஒரே வாக்கியத்துக்குள் காரணங்கள் புதைந்துபோவதால்தான் இப்பொருள் இத்தனை காலம் கேள்வியின்றி விற்றது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். காரில் ஸ்பேசர் இருப்பவர்கள், அதிலும் செருகு தட்டு வைத்திருப்பவர்கள், அடுத்த நெடும்பயணத்துக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ஸ்டட்டின் மரையையும் வேரையும் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த நிலையில் ஓடிய ஸ்டட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் அந்தச் சக்கரத்தின் ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். ஹப்பின் முகத்தைத் துரு போகத் தேய்த்து, கார்க் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் மறுமுறை சரிபாருங்கள்.