லீவு எல்லாம் ஊருக்கே தானா?

குஜராத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் ஒன்பது முறை ஊருக்குப் போய் வந்திருக்கிறோம். ஊர் என்றால் வேதாரண்யம் பக்கம். அகமதாபாத்தில் நவஜீவன் ஏறினால் சென்னைக்கு ஒன்றரை நாள், அங்கிருந்து ஒரு ராத்திரி பஸ். போனால் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வம், மாமியார் வீட்டில் நாலு நாள், பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸ். திரும்பி வந்து இறங்கும்போது, லீவு எடுத்த களைப்புக்கே இன்னொரு லீவு வேண்டும் போலிருக்கும்.

நான் சொல்ல வருவது பலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெளி மாநிலத்தில் குடும்பம் நடத்தும் நாம், நம் லீவில் ஒரு பகுதியையாவது இப்போது இருக்கும் மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். சோம்நாத், துவாரகா, ஞாயிற்றுக்கிழமை மால் என்று கணக்குக் காட்டக் கூடாது. காரை எடுத்துக்கொண்டு போய், இறங்கி நடக்க வேண்டும்.

வங்கிகளில் எல்.எஃப்.சி. என்று ஒன்று உண்டு. நாலு வருஷக் கணக்கில் ஒரு தடவை சொந்த ஊருக்கு, இன்னொரு தடவை விரும்பினால் இந்தியாவில் வேறு எங்கும் போகலாம். அந்த "வேறு எங்கும்" எனக்கு ஒருமுறைகூட வேறு எங்கும் ஆனதில்லை. ஒரு தடவை காசாக்கி ஃப்ளாட்டுக்குக் கட்டினேன். மற்றதெல்லாம் ஊர்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கடன் பிரிவில் இருப்பவன். சின்ன ரண் பக்கத்து உப்பு வியாபாரிகளின் பேலன்ஸ் ஷீட்டை வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். உப்பளத்தைப் பார்த்ததில்லை. அதுவும் வேதாரண்யத்துக்காரன்!

போன டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு ஆறு நாள் கிடைத்தது. பொங்கலுக்குச் சேர்த்து வைக்கலாம் என்றாள் தங்கமணி. பெண் பதினொன்றாவது, பையன் ஏழாவது. அடுத்த வருஷம் பெண்ணுக்குப் பரீட்சை, எனக்கு ஜூனில் மாற்றல் வந்தாலும் வரும். இப்போது விட்டால் இந்தப் பிள்ளைகள் குஜராத்தில் வளர்ந்து குஜராத்தைப் பார்க்காமலே போய்விடுவார்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசிக் கிளப்பினேன். மொத்தம் 1,200 கி.மீ. சொச்சம்.

முதலில் வேளாவதர். பாவ்நகர் மகாராஜாவின் புல்வெளியாக இருந்தது, 1976இல் தேசியப் பூங்கா ஆனது. 34 சதுர கி.மீ.தான். ஆனால் காய்ந்த மஞ்சள் புல்லில் நூற்றுக்கணக்கில் வெளிமான்கள் நிற்கும்போது அளவெல்லாம் மறந்துவிடுகிறது. ஆண் மான் கறுப்பு, திருகுக் கொம்பு. ஒன்று துள்ளினால் பின்னாலேயே மந்தை முழுக்கத் துள்ளுகிறது. இங்கே இறங்கி நடக்க விடமாட்டார்கள். "இது நம்ம கோடியக்கரையிலயும் இருக்குன்னு புக்ல போட்டிருந்துதே, நீ பாத்திருக்கியாப்பா?" என்றான் பையன். வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பார்த்த ஞாபகமே இல்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்து பஜானா வழியாகச் சின்ன ரண். காட்டுக் கழுதைகள் சரணாலயம், ஏறத்தாழ 4,950 சதுர கி.மீ. 2024 கணக்கெடுப்பில் 7,672 கழுதைகள். கழுதை என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அது ஓடியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் கண் என்னவோ உப்புப் பாத்தியிலேயே இருந்தது. பக்கத்தில் கடலே இல்லை. பூமிக்கடியிலிருந்து உவர்நீரை இறைத்துப் பாத்தியில் விட்டுக் காய வைக்கிறார்கள். அகரியா குடும்பங்கள் மழை முடிந்து வந்தால் அடுத்த மழைக்கு முன்வரை அந்தப் பொட்டல் வெளியிலேயே குடிசை போட்டு இருக்கிறார்கள். முன்பு டீசல் பம்ப், வருமானத்தில் பெரும்பங்கை டீசலே தின்றுவிடும். இப்போது பல இடங்களில் சோலார். பேலன்ஸ் ஷீட்டில் ஒரே வரியாக வரும் செலவு என்ன என்பது, பாளம் பாளமாக வெடித்த காலோடு நின்ற ஓர் அம்மாவைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவர் கொடுத்த கறுப்பு டீயில் உப்பு கரித்தது மாதிரிகூட எனக்குத் தோன்றியது. பிரமையாக இருக்கலாம்.

பூஜில் தங்கி, நாலாம் நாள் கடியா த்ரோ. எங்களுக்கு முக்கியமான நாள் இதுதான். த்ரோ என்றால் ஆற்று மடு. கடைசிச் சில கிலோமீட்டருக்கு ரோடு என்று சொல்ல எதுவும் இல்லை. கிராமத்தில் காரை விட்டுவிட்டு உள்ளூர்க்காரர் ஒருவரின் ஜீப்பில் போய், அப்புறம் நடை. பொட்டல்தானே என்று நடந்துகொண்டிருக்கும்போதே தரை சட்டென்று பிளந்து கீழே இறங்குகிறது. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று அடுக்கடுக்காக மணற்கல். நடுவில் பச்சைத் தண்ணீர். பாறையெல்லாம் உருண்டை உருண்டையாகக் குடைந்த குழிகள். வெள்ளம் வரும்போது கூழாங்கல் ஒரு பள்ளத்தில் சிக்கிச் சுற்றிச் சுற்றி அரைத்துக் குடைகிறது. சில குழிகளுக்குள் அந்தக் கல் இன்னும் கிடக்கிறது, அசல் ஆட்டுக்கல்லும் குழவியும் மாதிரி! "அதுக்குப் பேர் பாட்ஹோல்பா" என்றாள் பெண். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? நம்ம தெருவுலயே நாலு இருக்கு" என்றாள் தங்கமணி.

மூன்று மணி நேரம் ஏறி இறங்கினோம். இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டே சறுக்கித்தான் இறங்க முடிந்தது. நாற்பத்தேழு வயதில், ஏ.சி. கேபினில் உட்கார்ந்தே பழகிய உடம்பு என்ன பாடு படும் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். ஓரிடத்தில் என் கால் நடுங்கியது. பெண் கையை நீட்டினாள். பத்தாம் வகுப்பு மார்க் வந்த நாளிலிருந்து என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், "இந்தக் கல்லுல கால வைப்பா, அதுல வேணாம்" என்று மேலே வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். கல்யாண மண்டபத்தில் இது நடந்திருக்காது.

இதை "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்கிறார்கள். ஆந்திராவில் பெண்ணாற்றங்கரை கண்டிக்கோட்டைக்கும் அதே பெயர்தான். கொலராடோ ஆறு குடைந்த அந்த நிஜ கிராண்ட் கேன்யனின் ஆழம் 1,800 மீட்டர் வரை போகிறது. அதன் பக்கத்தில் வைத்தால் இது வாய்க்கால். அமெரிக்காவில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் ஒவ்வொரு லாங் வீக்கெண்டுக்கும் ஸயான், பிரைஸ் என்று போய்ப் படம் அனுப்புகிறார்கள். நாமும் லைக் போடுகிறோம். அவர்களுக்கு ஊருக்கு வர டிக்கெட் விலை அதிகம், அதனால் இருக்கும் நாட்டைப் பார்க்கிறார்கள். நமக்கு ஸ்லீப்பர் டிக்கெட் மலிவு, அதனால் பார்ப்பதில்லை. எனக்கென்னவோ அவ்வளவுதான் வித்தியாசம் என்று படுகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போகிறவர்கள் உள்ளூர் ஆள் இல்லாமல் இறங்காதீர்கள், மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள். கைப்பிடி கிடையாது, கழிப்பறை கிடையாது, போன் சிக்னல் கிடையாது. ஆனால் சிப்ஸ் கவர் இருக்கிறது, அந்த ஆட்டுக்கல் குழிகளுக்குள்ளேயே. பையன் ஒரு பை நிறையப் பொறுக்கினான்.

கடைசி நாள் காவ்டாவிலிருந்து, இரண்டு பக்கமும் வெள்ளை உப்பாக விரிந்த ரண்ணுக்கு நடுவே போகும் ரோட்டில் தோளாவீரா. ஹரப்பா காலத்து நகரம், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இரண்டு மழைக்கால ஓடைகளைத் திருப்பிவிட்டுப் பாறையில் வெட்டிய குளங்களைப் பார்க்க வேண்டும். ஆனால் நடந்து நடந்து எங்கள் கால்கள் ஸ்ட்ரைக் செய்ததால் அவசரமாகத்தான் பார்த்தோம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எழுபத்து நாலு. பொங்கலுக்கு நாங்கள் போகவில்லை. "பரவால்லப்பா, புள்ளைங்க சந்தோஷமா இருந்தா சரி" என்று சொன்ன அந்தக் குரல் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. இன்னும் எத்தனை பொங்கல் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. லீவு கணக்கில் அதற்கு வழி கிடையாது. பத்தில் ஒன்று என்றுதான் கேட்கிறேன், பத்தையும் அல்ல. அந்த ஒன்றும் இலவசமாக வரவில்லை.

போனில் வேளாவதர் மான் கதையை அம்மாவிடம் சொன்னேன். "அந்த மானைப் பாக்கவா அவ்ளோ தூரம் போனே? ஒங்கப்பா சைக்கிள்ல ஒக்காரவெச்சு கோடியக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாரே, கொம்பைப் பாத்துட்டு அழுதியே, மறந்துட்டியா?" என்றாள்.

மறந்துதான் போயிருக்கிறேன். மே மாதம் ஊருக்குப் போக லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் ஒரு நாள் கோடியக்கரைக்கு. வெயில் கொளுத்தும், பூநாரையெல்லாம் போயிருக்கும், மான் இருக்கும். அம்மாவும் வருகிறாளாம். முட்டிவலிக்காரர் ஏற வசதியாகத் தாழ்வான வண்டி கிடைக்குமா என்று மச்சானை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.