ஜனாஸா எரிப்பு: மருத்துவ விவாதம் உணர்த்தும் பாடம்

மருத்துவ விஞ்ஞானத்தில் கருத்து வேறுபாடுகள் எழுவது புதுமையான விடயமல்ல. ஒரு மருந்து பயனளிக்கின்றதா, ஒரு சத்திரசிகிச்சை அவசியமா, ஒரு நோய் எவ்வாறு பரவுகின்றது என்பன போன்ற கேள்விகளுக்கு நிபுணர்கள் முரண்பட்ட விடைகளை அளிப்பதும், ஆய்வுகளின் வாயிலாக அவற்றில் ஒன்று நிலைபெறுவதும் அத்துறையின் இயல்பாகும். ஆனால், அத்தகைய விவாதமொன்றை அரசியல் அதிகாரம் தனது கைகளில் எடுத்துக்கொண்டு, தனக்கு உவப்பான ஒரு பக்கத்தை மாத்திரம் விஞ்ஞானம் எனப் பிரகடனம் செய்யுமாயின் விளைவு எவ்வளவு கொடியதாக அமையும் என்பதற்கு இலங்கையில் 2020 ஆம் ஆண்டு தொடக்கம் இடம்பெற்ற ஜனாஸா எரிப்பு விவகாரத்தை விடவும் வேறு உதாரணம் தேவையில்லை.

கொவிட் 19 தொற்றினால் இலங்கையில் பதிவான முதலாவது மரணம் புத்தளம் மாவட்டத்தின் மாரவில பகுதியைச் சேர்ந்த ஒருவருடையதாகும். 2020 மார்ச் 28 ஆம் திகதி அம்மரணம் நிகழ்ந்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னரே, அதாவது மார்ச் 24 ஆம் திகதி, உலக சுகாதார ஸ்தாபனம் தனது வழிகாட்டலை வெளியிட்டிருந்தது. தொற்றினால் இறந்தவர்களின் உடல்களை அடக்கம் செய்யவோ தகனம் செய்யவோ முடியும் என அதில் தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. தொற்றுநோயால் இறந்தவர்களைத் தகனம்தான் செய்ய வேண்டும் என்பது மக்களிடையே நிலவும் தவறான நம்பிக்கை என்பதும் அந்த வழிகாட்டலிலேயே சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. எமது சுகாதார அமைச்சின் முதலாவது வழிகாட்டலும் அடக்கத்திற்கு இடமளித்தே இருந்தது. எனினும், மார்ச் மாத இறுதியில் அந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது. இந்த விதி முஸ்லிம்களை மாத்திரமன்றி, அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவர்களையும் பாதித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்குக் கூறப்பட்ட காரணம் நிலத்தடி நீராகும். நிலத்தடி நீர்மட்டம் உயர்வாக உள்ள பிரதேசங்களில் புதைக்கப்படும் உடல்களிலிருந்து வைரசு கசிந்து கிணறுகளைச் சென்றடையக் கூடும் என அரசாங்கத்தின் நிபுணர் குழு வாதிட்டது. புத்தளம் மக்கள் இந்த வாதத்தைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாதவர்கள். கற்பிட்டிக் குடாநாட்டில் மணலைச் சில அடிகள் தோண்டினாலே தண்ணீர் ஊறும். கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிய அம்மணற் பரப்பில் குடிப்பதற்கும் பயிருக்கும் ஆழமற்ற கிணறுகளையே மக்கள் நம்பியிருக்கின்றனர். எனவே, நீர் மாசடையுமா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியை எழுப்பியதில் குற்றமில்லை. விடையைத் தேடுவதற்கு முன்னரே தீர்ப்பை வழங்கியதுதான் குற்றமாகும்.

வைரசு என்பது உயிருள்ள கலங்களுக்குள் மாத்திரமே பெருகக்கூடியது. இறந்த உடலில் அதற்குப் பெருகும் வாய்ப்பில்லை. கொவிட் 19 பிரதானமாகச் சுவாசத்தின் வழியாகவே பரவுகின்றது. உறையிட்டு, உரிய ஆழத்தில் புதைக்கப்பட்ட உடலிலிருந்து மண்ணைக் கடந்து, நீரை அடைந்து, அந்நீரை அருந்துவோருக்குத் தொற்றை ஏற்படுத்தும் அளவு வைரசு எஞ்சியிருக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் முன்வைக்கப்படவில்லை. மறுபுறம், வைத்தியசாலைகளில் சிகிச்சை பெற்ற ஆயிரக்கணக்கான நோயாளர்களின் மலசலக் கழிவு நாளாந்தம் நிலத்தையும் நீரையும் சேர்ந்தவண்ணமே இருந்தது. நீரைப் பற்றிய கவலை உண்மையானதாக இருந்திருப்பின் முதலில் கவனிக்கப்பட்டிருக்க வேண்டியது அதுவேயாகும்.

அயல்நாட்டிலும் இதே அச்சம் நிலவியது. 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றினால் உயிரிழந்த நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாது ஒரு கும்பல் தாக்குதல் நடத்தியது. மும்பையின் பாந்த்ரா பகுதியில் அடக்கத்தைத் தடை செய்யுமாறு கோரி நீதிமன்றம் சென்றவர்களும் உளர். ஆயினும், அம்மனுவை 2020 மே மாதம் நிராகரித்த பம்பாய் உயர் நீதிமன்றம், அடக்கம் செய்வதனால் தொற்றுப் பரவும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. கும்பலின் அச்சத்திற்கு எதிராக அங்கு நீதிமன்றம் நின்றது. இலங்கையிலோ 2020 டிசம்பர் முதலாம் திகதி அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளாமலேயே உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்மானத்தின் மூலம் நிராகரித்தது. அடுத்த சில தினங்களில், பிறந்து இருபது நாட்களே ஆன சிசுவொன்று பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக எரியூட்டப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் கட்டிய வெள்ளைத் துணிகள் அந்த வேதனையை உலகறியச் செய்தன.

இங்கு ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டாதிருக்க முடியாது. அதே 2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர் தயாரித்த தேன் கலந்த பாணி கொவிட் நோயைத் தடுக்கும் எனக் கூறப்பட்டது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பகிரங்கமாகவே அருந்தினார். ஒன்றுகூடல் கட்டுப்பாடுகளையும் பொருட்படுத்தாது ஆயிரக்கணக்கானோர் அப்பாணிக்காகக் கேகாலையில் திரண்டனர். 2021 ஜனவரியில் அமைச்சருக்கே தொற்று உறுதியானது. முறையான மருத்துவப் பரிசோதனை எதுவும் நிறைவடையாத பாணிக்கு வாசல் திறந்துவிட்ட அதே அரச இயந்திரம், ஜனாஸா அடக்கத்திற்கு மாத்திரம் நூறு வீத நிச்சயத்தைக் கோரியது. ஒரே அமைச்சு, ஒரே மாதம், இரு வேறு அளவுகோல்கள். இதனை விஞ்ஞானம் என எவ்வாறு அழைப்பது?

மெய்யான மருத்துவ ஆய்வு எவ்வாறு செயற்படும் என்பதற்கும் அதே ஆண்டிலேயே உதாரணம் கிடைத்தது. மலேரியாவிற்கு வழங்கப்படும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து கொவிட்டைக் குணப்படுத்தும் எனப் பல நாட்டுத் தலைவர்கள் கூறினர். அம்மருந்து ஆபத்தானது எனக் கூறி 'லான்செட்' சஞ்சிகையில் 2020 மே மாதம் வெளியான கட்டுரை, அதன் தரவுகளை உறுதிப்படுத்த முடியாமற் போனமையால் இரண்டே வாரங்களில் மீளப் பெறப்பட்டது. ஆக, இரு தரப்பினரும் தடுமாறினர். இறுதியில் பிரித்தானியாவின் 'ரிக்கவரி' ஆய்வே விடையளித்தது. நோயாளர்களைப் பாரபட்சமின்றிக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட அவ்வாய்வு, ஹைட்ரொக்சிகுளோரோகுயினால் பயனில்லை என்பதை ஜூன் மாதத்தில் நிரூபித்தது. விலை குறைந்த டெக்சாமெதசோன் மருந்து, செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்டோரிடையே மரணங்களைச் சுமார் மூன்றிலொரு பங்கினால் குறைப்பதையும் அதுவே கண்டறிந்தது. பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவும் சான்றுக்குத் தலைவணங்கும் பண்புமே மருத்துவத்தின் பலம் என்பதை இது புலப்படுத்துகின்றது.

எமது நாட்டு மருத்துவர்கள் அப்பண்பை இழந்திருக்கவில்லை என்பதை நன்றியுடன் பதிவு செய்ய வேண்டும். பேராசிரியை ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு அடக்கம், தகனம் ஆகிய இரண்டையும் அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. சமுதாய மருத்துவ நிபுணர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் 2020 டிசம்பர் இறுதியிலும் 2021 ஜனவரி தொடக்கத்திலும் அதே கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டன. அவற்றுள் சிங்கள மருத்துவர்களும் முன்னின்றனர் என்பதை முஸ்லிம் மக்கள் மறந்துவிடலாகாது. ஆனால், அக்குரல்கள் அதிகாரத்தின் செவியை எட்டவில்லை. 2021 பெப்ரவரி 10 ஆம் திகதி அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் அடக்கத்திற்கு அனுமதி வழங்கப்படும் என்றார். மறுநாளே அது நிபுணர்கள் தீர்மானிக்க வேண்டிய விடயம் என அரச தரப்பில் கூறப்பட்டது. பின்னர் பாகிஸ்தான் பிரதமராகவிருந்த இம்ரான் கானின் விஜயத்தை அடுத்து, பெப்ரவரி 25 ஆம் திகதி வர்த்தமானி மூலம் தடை நீக்கப்பட்டது. இரு வாரங்களில் மாறியது நிலத்தடி நீரின் தன்மையல்ல, அரசியலின் தேவையே.

தடை நீங்கிய பின்னரும் துன்பம் நீங்கவில்லை. தமிழ் மீனவக் குடும்பங்கள் வாழும் இரணைதீவு முதலில் தெரிவு செய்யப்பட்டது. இரு சிறுபான்மைச் சமூகங்களை மோதவிடக் கூடிய அத்தீர்மானம் எதிர்ப்பினால் கைவிடப்பட, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மார்ச் 5 ஆம் திகதி நல்லடக்கங்கள் ஆரம்பமாகின. புத்தளத்தில் இறந்த ஒருவரை, தீவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு இருநூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. மையவாடி ஊரிலேயே இருக்க, கப்றைச் சென்று ஸியாரத் செய்வதற்கு ஒரு நாட் பயணம் தேவைப்பட்டது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் வேரூன்றிய குடும்பங்களுக்கு, இறப்பின் பின்னரும் இடம்பெயர்வு தொடர்ந்தது எனலாம். 2022 மார்ச் வரையில் இந்நிலையே நீடித்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. பாதுகாப்பான அடக்கத்தினால் நீர் மாசடையவில்லை என்பதை 2021 இலும் 2024 இலும் நடத்தப்பட்ட ஆய்வுகள் உறுதிப்படுத்தியதாக அமைச்சரவையே அறிவித்தது. அடக்கம் அல்லது தகனத்தைத் தெரிவு செய்யும் உரிமையைப் பாதுகாக்கும் சட்டமொன்று பற்றியும் கூறப்பட்டது. மன்னிப்பு வரவேற்கத்தக்கதே. எனினும், முதலில் செய்திருக்க வேண்டிய ஆய்வு இறுதியில் செய்யப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் அதற்கு முன்னரே சாம்பலாகிவிட்டன. அந்த இழப்பை எந்த ஆய்வறிக்கையும் ஈடுசெய்யப் போவதில்லை.

இதன் மற்றொரு பாதிப்பு சுகாதாரத் துறையின் மீதான நம்பிக்கையாகும். புத்தளம் உள்ளிட்ட எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை யானைக்கால் நோய்க்கான மாத்திரைகள் மக்களுக்கு விநியோகிக்கப்பட்டன. நோயின் அறிகுறியே இல்லாதவர்களும் அவற்றை உட்கொண்டனர். 2016 இல் அந்நோயையும் மலேரியாவையும் இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது. வாசலுக்கு வந்த சுகாதார ஊழியர் தமக்குத் தீங்கு செய்ய மாட்டார் என்ற நம்பிக்கையே அவ்வெற்றியின் அத்திவாரம். வைத்தியசாலைக்குச் சென்றால் எரித்துவிடுவார்கள் என்ற அச்சம் ஒரு சமூகத்தில் வேரூன்றுமாயின், அடுத்த தொற்றுநோயின்போது நோயை மறைப்போரே அதிகரிப்பர். அதன் விளைவு எந்த ஓர் இனத்துடனும் மட்டுப்பட்டு நிற்காது.

ஆகவே, அரசாங்கம் செய்ய வேண்டியவை தெளிவானவை. மக்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் எந்த நிபுணர் குழுவின் அறிக்கையும், மாற்றுக் கருத்துகள் உட்பட, உடனடியாகப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அவசர நிலையில் விதிக்கப்படும் தடைகள் குறிப்பிட்ட கால எல்லைக்குள் சான்றுகளின் அடிப்படையில் மீளாய்வு செய்யப்பட வேண்டும். தகனத்தைக் கட்டாயமாக்கிய தீர்மானம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது குறித்துச் சுயாதீன விசாரணை அவசியம்.

இறந்தவர்களின் பெயரால் நிலத்தடி நீருக்காகக் காட்டப்பட்ட அக்கறை உயிருள்ளவர்களுக்காகவும் காட்டப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். கற்பிட்டியின் விவசாய நிலங்களில் பல கிணறுகளில் இரசாயன உரங்களால் நைத்திரேற்று அளவு, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லையைக் கடந்துள்ளதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக எழுதி வருகின்றனர். சிசுக்களின் குருதியில் ஒட்சிசன் குன்றிவிடாது காப்பதற்காக வகுக்கப்பட்ட எல்லை அது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் சாம்பலையும் நிலக்கரித் தூசையும் பற்றி அயற் கிராம மக்கள் முறையிட்டு வருகின்றனர். இவற்றினால் இப்பிரதேசக் குழந்தைகளின் உடல்நலத்திற்கும் சுவாசத்திற்கும் நேர்வது என்ன என்பதை நீண்டகால மருத்துவ ஆய்வொன்றின் மூலம் கண்டறிந்து, முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைப்பது சுகாதார அமைச்சின் கடமையாகும். நிரூபிக்கப்படாத ஓர் ஆபத்திற்காக ஜனாஸாக்களை எரித்த நாடு, அளந்து எழுதப்பட்ட ஓர் ஆபத்தைக் கண்டும் காணாதிருப்பது நியாயமாகாது.