பயன் சொன்னவரின் பெயர்

இந்த வாரம் முழுவதும் மனதில் நின்றது ஒரு சலூன். நம்மூர்ச் சலூன் அல்ல, நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தது. 1963 இல் பிபிசியில் தொடங்கிய 'டொக்டர் ஹூ' விஞ்ஞானப் புனைகதைத் தொடரில், 2025 மே 10 ஆம் திகதி ஒளிபரப்பான 'த ஸ்டோரி அண்ட் த எஞ்சின்' என்ற அத்தியாயம் பெரும்பாலும் அந்த ஒரே அறைக்குள் நடக்கிறது. கதிரையில் இருப்பவர் கதை சொல்லவேண்டும். அந்தக் கதைதான் எரிபொருள். சலூனை முதுகில் சுமந்தபடி வெளியே நடந்துகொண்டிருப்பது பிரமாண்டமான ஒரு சிலந்தி. மேற்கு ஆபிரிக்கக் கதைகளில் வரும் அனான்சியின் மகளும் உள்ளே இருக்கிறாள். அடிமைப்பட்ட மக்கள் தப்பும் வழியைத் தலைப்பின்னலில் மறைத்துவைத்த கதையைச் சொல்லிக்கொண்டே, நாயகனின் தலையிலும் வழியைப் பின்னிவிடுகிறாள். எழுதியவர் நைஜீரியாவில் பிறந்த இனுவா எலம்ஸ்; ஆறு நகரங்களின் சலூன்களை 2017 இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் ஏற்றியவர். எனவே கடையும் கதிரையும் அங்கே அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. ஆண்கள் கூடிக் கதைக்கிற இடமே கதையின் இயந்திரமாகிவிட்டது.

எலம்ஸ் செய்யாத ஒன்று அதைவிட எனக்குப் பிடித்தது. எஞ்சினை ஆபிரிக்க முன்னோர்தான் கண்டுபிடித்தார்கள் என்று அவர் எங்கும் வாதாடவில்லை. புட்பக விமானம் உண்மையிலேயே பறந்தது என்பவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். நீங்கள் சான்றாகக் காட்டும் 'வைமானிக சாஸ்திரம்' 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நூல், அதிலுள்ள விமானங்கள் பறக்கமாட்டா என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1974 இலேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் 2020 இல் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இராவணனின் வான்பயணத்துக்கு ஆவணம் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது. அதற்கு முந்திய ஆண்டு விண்ணுக்குப் போன நாட்டின் முதல் செய்மதிக்கு 'இராவணா-1' என்று பெயரிட்டதில் எனக்குக் குறையில்லை. அது பெயர், சான்று அல்ல. கதையைச் சான்றாக்கியதும் கற்பனைக்கு வேலை போய்விடுகிறது. நடந்தது என்று சத்தியம் செய்பவருக்கு 'அடுத்து என்ன?' என்ற கேள்வியே வராது.

அந்தக் கேள்வி வரவேண்டிய இடம் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் இருந்துகொண்டு யோசித்தால் வெகுதூரத்தில் இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவ வாழ்வைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்றார். கச்சியப்ப சிவாசாரியாரின் அந்தப் பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டுக்குள் என்னதான் இல்லை? அண்டங்களின் அமைப்பைச் சொல்ல அண்டகோசப் படலம் என்றே ஒன்று. சூரபன்மன் ஆள்வது 1008 அண்டங்கள், 108 யுகங்கள். மாண்ட படையை எழுப்ப மலையையே கொண்டுவரும் இந்திரஞாலத் தேர். எதிரியை மயக்கிக் கடலில் போட்டுவிடும் அவன் மகன் பானுகோபனின் மாயப்படை. ஆனால் இந்தச் சாமான்களை மட்டும் எடுத்துத் திரையில் பளபளக்க வைத்தால், அது சூரன்போருக்கு மின்விளக்குப் போட்ட கதைதான். எடுக்கவேண்டியது கோயிலில் நடக்கும் புராணபடிப்பை. ஒருவர் பாட்டை இராகத்தோடு இழுத்துப் படிக்கிறார், நிறுத்துகிறார். பக்கத்தில் இருக்கும் பயன் சொல்பவர் சொல்லைப் பிரிக்கிறார், பொருளை விரிக்கிறார், நேற்று விட்ட இடத்தைத் தொட்டுக்காட்டுகிறார். அவர் முடிக்கும்வரை சூரனின் தேர் அந்தரத்தில் நிற்கும். இரண்டு குரலும் மாறிமாறி வந்தால்தான் கதை நகரும். விஞ்ஞானப் புனைகதைக்கு இதைவிட நல்ல இயந்திரம் எங்கே கிடைக்கும்?

இதைத் திரைக்குக் கொண்டுவரக் காசு வேண்டாமா என்பார்கள். ஓரறையில் நடக்கும் கதைக்கு வேண்டியது முதலில் நல்ல எழுத்து. தமிழில் அது முடியாததும் அல்ல. சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவை எல்லோருக்கும் தெரியும், ஜெயமோகனின் 'விசும்பு' விஞ்ஞானக் கதைகள் நம் மரபறிவையே தொடக்கமாகக் கொண்டவை. சமய நூலில் கைவைப்பதா என்ற மறுப்பு இன்னும் கனமானது. விரதமிருந்து கேட்கிற நூலை வேடிக்கையாக்கினால் நோகத்தான் செய்யும். ஆனால் பயன் சொல்பவர் பாட்டை அப்படியே ஒப்புவிப்பவர் அல்லர். தன் காலத்து உவமையும் ஊர்ச்சங்கதியும் கலந்துதான் சொல்கிறார். அதனால் பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. எல்லை தெரிந்த கை தொட்டால் நூலுக்குப் பழுது வராது.

லாகோஸ் சலூனின் வில்லனுக்கு வருவோம். தெய்வங்களின் கதைகளை ஒழுங்குபடுத்திப் பரப்பியவன் அவன். தெய்வங்கள் புகழை எடுத்துக்கொண்டு அவனைத் தள்ளிவிட்டன. அந்தக் கோபத்தில்தான் சிலந்தியை ஓட்டுகிறான். நம் பயன் சொல்பவர்கள் அப்படிக் கோபிப்பவர்கள் அல்லர், அது நம் அதிர்ஷ்டம். திருவிழா நோட்டீசில் உபயகாரர் பெயர், மேளகாரர் பெயர், சோடனைக்காரர் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் வருகின்றன. மாதக்கணக்காகப் பயன் சொன்னவரின் பெயரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. இந்த முறை உங்கள் கோயிலில் படிப்புத் தொடங்கும்போது ஒருவராவது கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிவின் தலைப்பில் முதலில் பயன் சொல்பவரின் பெயரைப் போடுங்கள், கோயிலின் பெயர் அடுத்ததாக வரட்டும்.