யந்திரத்துக்குப் பொட்டு வைத்தால் போதுமா?

உத்திரமேரூருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி, "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கு ஜனநாயகம் இருந்தது" என்று பெருமை பேசுகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் வருஷ வாக்கில் வெட்டப்பட்ட அந்த எழுத்து என்ன சொல்லுகிறது? குடவோலையில் பேர் எழுத, கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அது பார்ப்பனக் கிராமத்துச் சபை. உழுதவன் பேர் அந்தக் குடத்துக்குள் விழ வழியேயில்லை. சுவரும் அவர்களுடையது, எழுத்தும் அவர்களுடையது.

இன்று அந்த உழுதவனுடைய சந்ததிகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. தமிழ்நாடு சர்க்கார் 2011-ல் மாணவருக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிற்று. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பித்தது. சாமான் வந்தது சரி. அதற்கேற்ற புத்தி வந்ததா என்பதே நமது கேள்வி.

இவ்வட்டாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நாம் போயிருந்தோம். கம்ப்யூட்டர் அறை பூட்டிக் கிடந்தது. திறந்து பார்த்தால், சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் யந்திரங்களின்மேல் காய்ந்து கிடந்தன. "பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும்" என்றார் உபாத்தியாயர். தோழர்களே! தொட்டால் தீட்டு என்று நம்மைக் குளத்தைவிட்டு விரட்டினவர்களின் பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வேறு சிலர் பாடத்தைத் திரையில் காட்டி, "அப்படியே எழுதிக்கொள்" என்கிறார்கள். கரும்பலகை வெண்திரையாயிற்று, மனப்பாடம் மட்டும் மாறவில்லை.

வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ வைத்தால் என்ன? ஏரிக்கு எத்தனை மதகு, எது இடிந்து கிடக்கிறது, எந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகளே விசாரித்து எழுதட்டும். பிள்ளையின் படமும் விலாசமும் அதில் வேண்டாம். விஷயம் இருந்தால் போதும். படிக்கிறவர் "இது தப்பு" என்றால் ஆதாரம் காட்டட்டும், இல்லையேல் திருத்தட்டும். கல்லில் வெட்டினதைத் திருத்துவது கஷ்டம். இதைத் திருத்துவது சுலபம். அதுவே இதன் மேன்மை.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? திருநள்ளாறுக்கு மேலே வரும் செயற்கைக்கோள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நிற்கிறதாம், நாசா விஞ்ஞானிகளே திகைத்தார்களாம் என்று செல்போனில் வரும் புளுகைப் பிள்ளை நம்பும். பூமிக்கு அருகில் சுற்றும் கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதனால்தான் விழாமலிருக்கிறது. நின்றால் விழவேண்டியதுதானே என்று கேட்கப் பழக்குவதல்லவா உபாத்தியாயர் வேலை?

"பிள்ளைக்கு என்னைவிட அதிகம் தெரிகிறதே, மரியாதை போய்விடுமே" என்று சிலர் பயப்படுகிறார்கள். நாமும் பெரிய படிப்பாளியல்ல. தெரியாததைக் கேட்டுக் கேட்டே கற்றோம். அதனால் நமது மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை. சர்க்காரும் உபாத்தியாயரைக் கணக்குப் பதியும் குமாஸ்தாவாக்காமல், கற்றுக்கொள்ள அவகாசம் கொடுக்கவேண்டும்.

ஆகவே, உபாத்தியாயர்களே! குங்குமத்தைத் துடையுங்கள், சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நம்மவர் பேரில்லாத சுவரைக் காட்டிப் பெருமைப்பட்டது போதும். நம் பிள்ளைகள் எழுதும் சுவர் ஒன்று இனியாவது இவ்வூரில் எழும்பட்டும்.